பதினான்காம் பை

ஆற்றுவாழை பூத்த காலை நல்ல வடிவு.
ஊதா. மேலிதழில் மட்டும்
மயிற்கண் போல ஒரு மஞ்சள்.
முதிரையன்குளத்துத் துருசடியில்
சப்பாத்தைக் கையில் பிடித்தபடி நின்றேன்.
பூப்பார்க்க வரவில்லை,
வேருக்காக வந்தேன்.

தோணி தாங்கியவர் குலவீரசிங்கம்.
"பூவை விட்டிட்டுத் தாடியைப் பிடுங்கிறியள்."
நனைந்து கறுத்த தாடியேதான்.
குளம் விழுங்கியதெல்லாம் இதில் ஒட்டியிருக்கும் என்றேன்.
அவர் தாங்குகோலைச் சேற்றில் ஊன்றி
கொஞ்சநேரம் இழுக்காமல் நின்றார்.

கராச் எண்ணெய் வந்து விழும் வாயில் மூன்று பை.
சந்தைக் கானடியில் நான்கு.
வயல் வடிச்சல் சேரும் மூலையில் நான்கு.
வானில் இரண்டு.
மிச்சம் ஐந்தும் மேற்கு அலைகரையில்.
அங்கே கடையில்லை, வயலில்லை,
மாடுகூட இறங்காது.
ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சுத்தமான இடம் வேண்டும்,
ஆய்வென்றால் அப்படித்தான்.
"அங்கயோ?" என்றார். போனோம்.

வவுனியாவில்
வேர் வேறு இலை வேறாய் வெட்டி
எழுபது பாகையில் இரண்டு நாள் காயவைத்து
இடித்து, அரித்து,
நைத்திரிக்கமிலத்தில் கரைத்தேன்.
செங்கபில ஆவி எழுந்து அடங்கியதும்
குப்பியில் தெளிந்த நீர்.
முதிரையன்குளம்
ஒருநாளும் இவ்வளவு தெளிந்ததில்லை.

இயந்திரம் வாசித்தது.
நாகம், எல்லாப் பையிலும்.
பாலூற்றிக் கும்பிடும் நாகமல்ல,
மீள்குடியேறிய ஆண்டு தந்த கூரைத்தகரம்
மாரிக்கு மாரி கரைந்து
பள்ளம் பார்த்து ஊர்ந்து வருகிற நாகம்.
இருக்கலாம்.
செம்பு, நெல்லுக்கு அடித்த மருந்திலிருந்து.
இருக்கலாம்.
கட்மியம், மூட்டைப் பசளையோடு ஒரு துளி.
இருக்கலாம், இருக்கலாம்.
அறிக்கையில் எனக்கு அனுமதித்த வினைமுற்று அது ஒன்றுதான்.

பிறகு ஈயம்.
கராச்சடியில் ஒன்பது.
சந்தையடியில் பதினொன்று.
பதினான்காம் பை:
கிலோ வேருக்கு எழுபத்தொரு மில்லிகிராம்.

குப்பி மாறியிருக்கும் என்று திரும்பக் கரைத்தேன்.
அறுபத்தொன்பது.
பதினைந்தில் அறுபத்திரண்டு.
பதினாறு, பதினேழு, பதினெட்டு,
எதுவும் நாற்பதுக்குக் கீழே இறங்கவில்லை.
இலையில் தேடினேன், இரண்டு.
பூவில் இல்லவே இல்லை.
வேரோடு நிறுத்தி வைத்திருந்தது,
மேலே ஊதா ஊதாவாய்ப் பூத்துக்கொண்டு.

குலவீரசிங்கத்துக்கு எடுத்தேன்.
மேற்கு அலைகரையில் முந்தி என்ன இருந்தது?
அலைபேசியில் காற்று இரைந்தது.
"அதிலை நாங்கள் வலை போடுறேல்லை."
ஏன்?
"கிழியும்."
எதில் கிழியும் என்று கேட்கவில்லை.
வினாக்கொத்தில் அதற்கு நிரலில்லை.

அட்டவணையில் 'மாசற்ற இடம்' என்றிருந்ததை அழித்தேன்.
வேறு பெயர் வைக்கத் தெரியவில்லை.
அந்தக் கட்டம் இன்னும் வெள்ளையாகத்தான் கிடக்கிறது.

சனிக்கிழமைதான் கூட்டெரு நினைவுக்கு வந்தது.
நாட்கூலிக்குக் குளம் வழித்த பெண்கள்
களையைக் கட்டோரம் குவித்து
சாணமும் வைக்கோலும் போட்டு மூடி
பத்துக் கிலோ பையாய் விற்கிறார்கள்.
'இயற்கைப் பசளை', பச்சை எழுத்தில்.
சங்கத் தலைவி பிரணவரூபியை அழைத்தேன்.
எந்தப் பக்கத்துக் களை அக்கா?
"மேற்குப் பக்கம்தான். அங்கதான் கொழுத்து நிக்குது."

சொன்னேன்.
ஈயம் என்றதும் அவருக்குப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயம்.
இல்லையக்கா, இது வேறை.
"செவ்வரத்தைக்குப் போடலாமோ?"
போடலாம். கீரைக்குப் போடாதேங்கோ.
மரவள்ளி, கரட், நிலத்துக்குள்ள விளையிற
ஒண்டுக்கும் வேண்டாம்.

பின்னால் யாரோ பை தைக்கும் சத்தம் நின்றது.
"அப்ப போன வருசம் போட்டது?"

எந்தத் தோட்டத்துக்கு, எத்தனை பை,
கொப்பியில் எழுதியிருக்கிறீர்களா என்றேன்.
எழுதியிருக்கிறார்கள்.
முப்பத்தொரு பெயர்.
ஒவ்வொன்றாய் வாசிக்கத் தொடங்கினார்.
நான் பேனையைத் தேடினேன்.